மார்லிஸ் ப்ரெக்கியின் இரண்டு இழுப்பறைகள்

1

இது கதையாக இருக்க வேண்டியதே அல்ல. அறுநூறு சொல்லில் ஒரு கட்டுரை, அவ்வளவுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் மாவட்டத்துச் சிறுதொழில் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கச் செய்திமடல் ஒன்றை அச்சடித்து, யாரும் படிக்காத இடமாகப் பார்த்து அனுப்பிவைக்கிறது. பதினோரு வருடமாக அதை எழுதுகிறவன் நான். இந்த முறை கொடுத்த தலைப்பு: வேலைக்குச் சேர்கிறவருக்கு இந்த நாட்டில் வேலை பார்க்கும் தகுதி உண்டா என்று சரிபார்க்கும் சட்டத்துக்கு முதலாளிகள் கட்டுப்பட்டு நடப்பது எப்படி. “ஒரு உதாரணம் சேத்துக்குங்க, படிக்கிறவன் கொஞ்சம் முழிச்சிருப்பான்” என்றார் சங்கத்தின் செயலாளர். சேர்த்தேன். உதாரணத்தின் பெயர் மார்லிஸ் ப்ரெக்கி.

உதாரணம் என்றால் உதாரணமாக நடந்துகொள்ள வேண்டும். ஒரு பத்தியில் வந்து ஒரு தவறு செய்துவிட்டு, அடுத்த பத்தியில் திருந்தி, மரியாதையாகப் போய்விட வேண்டும். மார்லிஸ் வந்தாள், காபி போட்டுக்கொண்டாள், உட்கார்ந்துவிட்டாள். கட்டுரை இன்னும் சங்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

2

முதலில் சட்டம். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஆளை வேலைக்கு எடுத்தால் ஐ-9 என்று ஒரு படிவம். முதல் பாதியை ஆள் நிரப்ப வேண்டும், வேலைக்கு வந்த முதல் நாளே. இரண்டாம் பாதியை முதலாளி நிரப்ப வேண்டும், மூன்று வேலை நாளுக்குள். அதற்கு ஆள் தன் அசல் தாள்களைக் காட்டுவார். பாஸ்போர்ட்டோ, நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டோ, ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் சேர்த்தோ, பட்டியலில் உள்ளதில் எதைக் காட்டுவது என்பது அவர் இஷ்டம். பார்த்தால் உண்மையானதாகத் தோன்றினால் முதலாளி ஏற்றுக்கொள்ள வேண்டும். பார்க்காமல் விட்டால் குற்றம். ‘இது போதாது, இன்னொன்று கொண்டா’ என்றால் அதுவும் குற்றம். கடல் தாண்டி வந்தவனையும் எதிர்வீட்டுக்காரனையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு வருடாவருடம் ஓட்டல்களில் நாள் முழுக்கக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு.

(கவனித்தீர்களா, நூறு சொல்லுக்குள்ளேயே விஷயம் முடிந்துவிட்டது. மீதி ஐந்நூறுக்கு நான் எங்கே போவேன்? உலகத்தில் உதாரணங்கள் பிறப்பதே இதனால்தான்.)

3

தொடக்கம், முதல் முயற்சி:

பனி கொட்டிக்கொண்டிருந்தது. மார்லிஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி தன் வாழ்க்கையை—

(விஸ்கான்சினில் பனி கொட்டுகிறது என்று சொல்ல ஒரு எழுத்தாளன் எதற்கு.)

இரண்டாம் முயற்சி:

கறுப்புச் சட்டை அணிந்த அதிகாரிகள் ஆலையின் கதவை உடைத்துக்கொண்டு—

(இல்லை. வந்தவர் ஒரே ஒருவர். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். காலணியை மிதியடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். மார்லிஸ் கொடுத்த எலுமிச்சை கேக்கைத் தின்றார், நன்றாக இருக்கிறதென்றார், கையைத் துடைத்துக்கொண்டு நோட்டீஸை நீட்டினார். எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தி இப்படித்தான் வரும்.)

மூன்றாம் முயற்சி, இது இருக்கட்டும்:

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒப்சால் சீஸ் ஆலைக்கு ஆய்வு நோட்டீஸ் வந்தது. அங்கே வேலை பார்க்கும் நாற்பத்தோரு பேரின் ஐ-9 படிவங்களையும் மூன்று வேலை நாளில், அதாவது திங்கள்கிழமை, அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். நாற்பத்தொன்றிலும் ஆலையின் சார்பில் கையெழுத்துப் போட்டிருப்பவள் மார்லிஸ். வயது அறுபத்திரண்டு, இருபத்திரண்டு வருடமாக அலுவலக நிர்வாகி. சர்ச்சில் யார் வீட்டுச் சாவுக்கு யார் என்ன சமைத்துக்கொண்டு வருவது என்று முடிவு செய்கிறவளும் அவள்தான். கடிதத்தைப் படித்து அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. தன்னுடைய படிவங்களைப் போலச் சுத்தமானவை மாவட்டத்திலேயே கிடையாது என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

4

படிவங்கள் இரண்டு இழுப்பறைகளில் இருந்தன. ஏன் இரண்டு என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வலது இழுப்பறையில் இருபத்திரண்டு கோப்புகள், எல்லாம் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களுடையவை. ஒவ்வொன்றும் தலையணை கனம். படிவம், கிரீன் கார்டின் முன்பக்க நகல், பின்பக்க நகல், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், தூதரகம் கொடுத்த அடையாள அட்டை. சிலவற்றில் கல்யாணப் பத்திரம். ஒன்றில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அட்டைகூட இருந்தது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு சேர்த்த கோப்புகள் அவை. ஒரு தாள் காட்டினால் போதும் என்று சட்டம் சொல்கிற இடத்தில் மார்லிஸ் ஐந்து வாங்கியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பொறுப்பு.

இடது இழுப்பறையில் பத்தொன்பது கோப்புகள். ஒவ்வொன்றிலும் படிவம் மட்டும். ஊர்க்காரர்கள்: அவளோடு பள்ளிக்கூடம் போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், சர்ச்சில் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர்கள். இவர்களிடம் போய் அடையாளம் கேட்பதாவது. எங்கள் ஊரில் தெரிந்தவரிடம் அட்டை கேட்பது அவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். ஆனால் படிவத்தில் பெட்டியைக் காலியாக விடுவதும் மார்லிஸுக்குப் பிடிக்காது. பால் லாரி ஓட்டும் வெர்லின் ஸாக்டாலின் படிவத்தில் அவள் அழகான கையெழுத்தில் இப்படி நிரப்பியிருந்தாள்:

ஆவணத்தின் பெயர்: இவன் ஞானஸ்நானத்தில் நான் இருந்தேன்.
வழங்கியவர்: நம் சர்ச்.
எண்: ஒரே பையன்.
காலாவதியாகும் நாள்: கடவுள் சித்தம்.

இன்னொருவர் படிவத்தில் ‘அம்மாவைத் தெரியும்.’ முதலாளி மகளின் படிவத்தில் ‘பார்த்தாலே தெரியும், அப்பா மூக்கு.’ இவற்றில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கீழே, சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் சிறை என்ற வரிக்கு அடியில், பத்தொன்பது முறையும் நெஞ்சில் கை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

(இந்த இடத்தில் நான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். அவள்மேல் நமக்குப் பிரியம் வந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதனாலேயே சங்கடம் வரும்.)

5

வியாழக்கிழமை மாநிலத் தலைநகர் மேடிசனிலிருந்து ஒரு வக்கீலம்மா போனில் வந்தார். முதலாளி டுவேன் ஒப்சால் போனை மேஜைமேல் வைத்து ஒலியைக் கூட்டினான். டுவேனும் மார்லிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் கணக்குப் பாடத்தில் தேறியதே மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

வக்கீலம்மா இரண்டு இழுப்பறைகளைப் பற்றியும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நாப்பத்தோரு பேர்ல ஒருத்தரைக்கூடச் சரியா பாக்காத இடத்தை இப்பதான் பாக்கறேன்” என்றார். “அதுவும் ரெண்டு விதமா.”

இடது இழுப்பறை பார்க்காத குற்றம், வலது இழுப்பறை அதிகமாகப் பார்த்த குற்றம், இரண்டுக்கும் வேறு வேறு இலாகா என்று விளக்கினார். வழியும் சொன்னார். ஊர்க்காரர்கள் பத்தொன்பது பேரிடமும் இப்போது தாளைப் பார்த்து எழுதுங்கள், ஆனால் இன்றைய தேதி போடுங்கள். ஏன் இத்தனை வருடம் தாமதம் என்று ஒரு குறிப்பு எழுதி இணையுங்கள். வலது கோப்புகளிலிருந்து ஒரு தாளைக்கூட உருவாதீர்கள். தப்பை ஒத்துக்கொண்டால் அபராதம், பூசி மெழுகினால் சிறை.

(செயலாளர் அவர்களே, உங்களுக்கு வேண்டிய பத்தி இதுதான். வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் மேலே வாருங்கள்.)

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். தாள் சரியில்லை என்று யாரையாவது வேலை செய்ய விடாமல் நிறுத்தியதுண்டா?

டுவேன் மார்லிஸைப் பார்த்தான். “ஒருத்தர்” என்றாள்.

6

வெள்ளிக்கிழமை மார்லிஸ் ஊர்க்காரர்களிடம் அடையாளம் கேட்கக் கிளம்பினாள். பாதிப் பேர் ஜோக் என்று நினைத்தார்கள். வெர்லினுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. “மார்லிஸ், என்னைத் தொட்டில்ல பாத்தவ நீ. இப்ப என்னை யாருன்னு கேக்கறியா?” என்றான். சட்டம் என்றாள். எந்தச் சட்டமும் தன்னைப் பற்றியதாக இருக்கும் என்று அவன் அதுவரை நினைத்ததே இல்லை. மத்தியானம் ஓட்டுநர் உரிமத்தையும், வீட்டு ஃப்ரீசரில் காபி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்த சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அட்டை பனிக்கட்டியாக இருந்தது. மார்லிஸுக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

(இங்கே எனக்கு ஒரு சபலம். ஊரில் வெளியாட்களைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் வெர்லின்தான். அவன் உண்மையில் எல்லை தாண்டி கனடாவில் பிறந்தவன், கையில் ஒரு தாளும் கிடையாது என்று எழுதினால் என்ன? நீங்கள் கைதட்டுவீர்கள், நானும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொள்வேன். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு அடித்தேன். வெர்லின் இங்கேதான் பிறந்தான். எனக்கு எப்படித் தெரியும்? தெரியும், அவ்வளவுதான்.)

மார்லிஸ் திரும்பி வந்தபோது டுவேன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே வெற்றுப் படிவக் கட்டு ஒன்று. வக்கீல் சொன்னதெல்லாம் சரி, ஆனால் இரண்டு இலாகாவும் சேர்ந்து அபராதம் போட்டால் ஆலை தாங்காது என்றான். அவன் யோசனை எளிமையானது. நாற்பத்தோரு புதுப் படிவம், நாற்பத்தொன்றிலும் பழைய தேதி. ஊர்க்காரர்களுக்கு ஞானஸ்நானம் போய் உரிமம் வரட்டும். மெக்சிகோக்காரர்களுக்கு ஐந்து தாள் போய் ஒரு தாள் நிற்கட்டும். மீதி அடுப்புக்குப் போகட்டும்.

“பேனாவை மட்டும் மாத்தி மாத்திப் போடு” என்றான். “இருபத்திரெண்டு வருஷம் ஒரே பேனா எழுதாது.”

வக்கீல் சிறை என்றாரே என்று மார்லிஸ் சொன்னாள். கையெழுத்து தன்னுடையது என்றும் சொன்னாள். டுவேன் நாற்பத்தோரு குடும்பம் என்று மட்டும் சொன்னான். அவனை வில்லனாக்க எனக்கு ஆசைதான். ஆனால் பயந்துபோயிருந்தான், கண்ணும் கலங்கியிருந்தது, அந்த நாற்பத்தோரு குடும்பங்களின் பெயரும் அவனுக்கு மனப்பாடம். போகும்போது கதவருகே நின்று, முதலில் எவெலியாவுடையதை முடி என்றான்.

7

எவெலியா சோக்குவா. நாற்பத்து நாலு வயது. மெக்சிகோவில் வெராக்ரூஸ் மலைப்பக்கம் பிறந்தவள், பதினாறு வயதில் இங்கே வந்தாள், அப்பா வழியாகக் கிரீன் கார்டு, முறைப்படி கிடைத்தது, அசல், அதன் எண்கூட—

(நிறுத்துகிறேன். இது என்ன? வெர்லினுக்கு ‘தெரியும், அவ்வளவுதான்’. இவள் கதைக்குள் காலெடுத்து வைத்த உடனே பிறந்த ஊர், வந்த வயது, கார்டு வந்த வழி, எண். கேட்டது யார்? நீங்கள் கேட்பீர்களோ என்று நானாகவே எடுத்து நீட்டுகிறேன். என்னிடமும் இரண்டு இழுப்பறைகள் இருக்கின்றன. இந்த வாக்கியத்தை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நான் செய்ததுதானே.)

திரும்பச் சொல்கிறேன். எவெலியா சீஸ் செய்யக் கற்றுக்கொண்டிருந்தவள். இந்த மாநிலத்தில் உரிமம் இல்லாமல் சீஸ் செய்து விற்க முடியாது. உரிமம் வேண்டுமென்றால் உரிமம் உள்ள ஒருவரின் கீழ், பால் உறையும் தொட்டியருகே நின்று பழக வேண்டும். எவெலியா ஒன்றரை வருடமாக அப்படி நின்றிருந்தாள். தயிர்க்கட்டியை விரலால் பிளந்து பார்த்தே வெட்டும் நேரம் சொல்லிவிடுவாள் என்று ஆலையில் பேச்சு.

ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய கிரீன் கார்டின் தேதி முடிந்தது. கார்டுக்குத்தான் காலாவதி, அவளுடைய உரிமைக்கு அல்ல. ஒருமுறை பார்த்த கார்டை முதலாளி மறுபடி கேட்கவே கூடாது என்பது சட்டம். மார்லிஸ் கேட்டாள். புதுப்பிக்கக் கொடுத்த ரசீதை எவெலியா காட்டினாள். ரசீது போதாது என்று மார்லிஸ் அவளை வீட்டுக்கு அனுப்பினாள். கடுமையாகவெல்லாம் இல்லை, கையில் ஒரு தட்டு கேக்கும் கொடுத்துத்தான் அனுப்பினாள். கார்டு வர ஏழு வாரம் ஆயிற்று.

தொட்டி ஏழு வாரம் யாருக்காகவும் காத்திருக்காது. அந்த இடத்துக்கு வெர்லினின் அக்கா மகன் வந்தான். இன்று அவன் உரிமம் பெற்ற சீஸ்காரன். திரும்பி வந்த எவெலியாவுக்குக் கழுவும் வேலை கிடைத்தது. ஆறு வருடமாக அவன் சீஸ் செய்து முடித்த தொட்டிகளை அவள் கழுவுகிறாள். இதைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் கோப்பில் ஒரு மஞ்சள் தாள் உண்டு. ‘புது அட்டை வரும்வரை வேலை இல்லை.’ தேதி, மார்லிஸின் கையெழுத்து. அந்த ஏழு வாரம் நடந்தது என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அதுதான். மார்லிஸ் பிழைக்க வேண்டுமானால் முதலில் அடுப்புக்குப் போக வேண்டியதும் அதுதான்.

8

சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் எவெலியா அலுவலகத்துக்கு வந்தாள். ரப்பர் பூட்ஸில் இன்னும் ஈரம். மார்லிஸ் புதுப் படிவத்தை அவள் முன் நகர்த்தினாள். தேதிப் பெட்டியில் பென்சிலால் லேசாக, அவள் வேலைக்குச் சேர்ந்த, பதினாலு வருடத்துக்கு முந்தைய தேதி எழுதியிருந்தது. அதன்மேல் பேனாவால் எழுதினால் போதும்.

“ஒரு கையெழுத்துதாம்மா. பழைய தாள் கொஞ்சம் குழப்பமா இருக்கு, அதான்” என்றாள் மார்லிஸ். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது. வெளியே வந்தபோது அவளுக்கே பிடிக்கவில்லை.

எவெலியா படிவத்தை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். பொய் சொன்னால் சிறை என்ற வரியில் விரலை வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று மார்லிஸ் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள், கையை ஆட்டி ஆட்டி விளக்கவும் செய்தாள். வெர்லினுக்கு யாரும் அதை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

“மஞ்சத் தாள் ஒண்ணு இருக்குமே. நீங்க எழுதினது” என்றாள் எவெலியா.

“இருக்கு.”

“அதையும் எடுத்துருவீங்களா?”

“டுவேன் எடுக்கச் சொல்றான்.”

“நான் உங்களைக் கேட்டேன், மார்லிஸ்.”

மார்லிஸ் படிவத்தைக் குனிந்து பார்த்தாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்த வேலைகளின் பட்டியல் அவளுக்கு மிக நீளம். அதில் ஒன்று, எவெலியாவை வீட்டுக்கு அனுப்பியது, அநியாயம் என்பது வியாழக்கிழமை வரை அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், மன்னிப்பையும் பொய்த் தேதி போட்ட படிவத்தையும் ஒரே கையால் எப்படி நீட்டுவது?

எவெலியா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

“இந்தப் புதுத் தாள்ல, அந்த ஏழு வாரம் நான் எங்க இருந்தேன்னு எந்தப் பெட்டியில எழுதணும்?”

9

முடிவு, முதல் முயற்சி: அப்படிப் பெட்டி ஒன்றும் கிடையாது என்று மார்லிஸ் உண்மையைச் சொல்கிறாள். எவெலியா கையெழுத்துப் போடுகிறாள். திங்கள்கிழமை நாற்பத்தோரு சுத்தமான படிவங்கள் போகின்றன, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, மார்லிஸ் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாள். மாவட்டத்தில் பலருக்கும் பிடித்த முடிவு. அநேகமாக நடக்கக்கூடியதும் இதுதான், அதனாலேயே எனக்கு எழுதக் கை வரவில்லை.

இரண்டாம் முயற்சி: மார்லிஸ் புதுப் படிவத்தைக் கிழித்துப் போட்டு, மஞ்சள் தாளோடு எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறாள். டுவேனை எதிர்த்து நிற்கிறாள். எவெலியா தொட்டியருகே திரும்பிப் போகிறாள், உரிமம் வாங்குகிறாள், மார்லிஸ் முன்வரிசையில் நின்று—

(எழுதும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கண்ணீரை நான் நம்புவதில்லை. இந்த முடிவில் எல்லோரும் பார்ப்பது மார்லிஸ் எவ்வளவு நல்லவள் என்பதைத்தான்.)

மூன்றாம் முயற்சி: எவெலியா பேனாவை வைத்துவிட்டு மஞ்சள் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு அதிகமாகக் கேட்ட குற்றத்தை விசாரிக்கும் அந்த இன்னொரு இலாகாவுக்குப் போகிறாள். நியாயமான முடிவு. எழுதி முடித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ‘பாவம் மார்லிஸ்’. உங்களுக்கு? உண்மையைச் சொல்லுங்கள், யாரும் பார்க்கவில்லை.

அதனால் முடிவு என் கையில் இல்லை. மார்லிஸுக்கு நகைச்சுவையும் ஞானஸ்நானமும் கேக்கும் கொடுத்து நாலு நாள் உங்களோடு பழகவிட்டவன் நான். எவெலியாவுக்கு ஒன்றரைப் பக்கம், அதிலும் முதல் வரி அவளுடைய தாள்கள். இப்படி எழுதிவிட்டு நியாயமான முடிவு நானே சொல்கிறேன் என்றால் நீங்கள் நம்பக் கூடாது.

செயலாளருக்கு அறுநூறு சொல் தனியாக அனுப்பிவிட்டேன். அதில் மார்லிஸ் இல்லை, எவெலியாவும் இல்லை. மூன்று வேலை நாள், அசல் தாள், இன்றைய தேதி. படிப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இங்கே, இந்தப் பக்கத்தில், சனிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால். எவெலியா மூடி கழற்றிய பேனாவோடு பதிலுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு அவசரமில்லை, ஷிஃப்ட் முடிந்துவிட்டது. மார்லிஸ் தலையை நிமிர்த்தி, முதல் முறையாக, தாளைப் பார்க்காமல் அவளைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

என்ன சொல்ல வைக்கப்போகிறீர்கள்?